வேட்டை முடிந்த மறுநாள்... ஜாக்சன் பள்ளத்தாக்கும் ஓராண்டுக் காத்திருப்பும்!

நவம்பர் கடைசியில் ஜாக்சன் ஊர் திடீரென்று அமைதியாகிவிடும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், டீட்டன் மலைத்தொடரின் காலடியில் இருக்கிறது இந்தச் சின்ன ஊர். இரண்டு மாதங்களாக பெட்ரோல் பங்க்கிலும் காபிக் கடையிலும் தென்பட்ட ஆரஞ்சுத் தொப்பிக்காரர்களை இப்போது காணோம். பனிச்சறுக்கு விளையாட வரும் கூட்டம் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. இரண்டு சீசன்களுக்கு நடுவே ஊர் கொஞ்சம் மூச்சு விடுகிறது.

அந்த ஆரஞ்சுத் தொப்பிக்காரர்கள் எங்கே போனார்கள்? விஸ்கான்சின், மினசோட்டா, பென்சில்வேனியா என்று அவரவர் ஊருக்கு. அவர்களில் பிளம்பர்கள் உண்டு, லாரி ஓட்டுநர்கள் உண்டு, பள்ளி ஆசிரியர்கள் உண்டு. ஒரு வாரம் மலையில் இருந்துவிட்டு, நெடுந்தூரம் வண்டி ஓட்டி, திங்கட்கிழமை வேலைக்குப் போயிருப்பார்கள். போன இடத்தில் பலருக்கும் மனசு ஒட்டாது.

ஊர்த் திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்த மறுநாள் தெரு எப்படி இருக்கும்? அதே தெருதான், ஆனாலும் ஏதோ காணாமல் போனதுபோல் இருக்கும். எல்க் வேட்டைக்குப் போய் வந்தவர்களின் டிசம்பர் அப்படித்தான் தொடங்குகிறது. அந்த வெறுமையை அவர்கள் எப்படிக் கடக்கிறார்கள், அடுத்த பயணத்துக்கு எப்படிக் காசு சேர்க்கிறார்கள் என்பதில், துப்பாக்கியையே தொட்டுப் பார்க்காத நமக்கும் ஒரு விஷயம் இருக்கிறது.

கொம்பால் கட்டிய வாசல்

எல்க் என்பது மான் இனத்தில் பெரிய உடம்புக்காரன். நம் காடுகளில் இருக்கும் கடமானின் சொந்தக்காரன் என்று சொல்லலாம். வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். செப்டம்பரில் இணை தேடும் காலத்தில் அது எழுப்பும் குரலை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். தாழ்ந்து தொடங்கி, குழலோசைபோல உச்சத்துக்கு ஏறி, கடைசியில் உறுமலாக முடியும்.

ஆண் எல்க்கின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மறுபடி முளைக்கும். உச்சக்கட்ட வளர்ச்சியில் ஒரு நாளைக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல்கூட வளரும். ஜாக்சன் ஊரின் நடுவில் இருக்கும் சதுக்கத்தில் நான்கு மூலைகளிலும் நான்கு வளைவுகள் நிற்கின்றன. எல்லாமே இப்படி உதிர்ந்த கொம்புகளை அடுக்கிக் கட்டியவை. சுற்றுலா வருபவர்கள் அதன் கீழே நின்று போட்டோ எடுக்காமல் போவதில்லை. தெற்கே ஆஃப்டன் என்ற ஊரில் நெடுஞ்சாலையின் குறுக்கே 3,000-க்கும் மேற்பட்ட கொம்புகளால் ஆன வளைவே இருக்கிறது.

இந்த விலங்கு ஒரு காலத்தில் அழிவின் விளிம்பில் நின்றது. 1900-களின் தொடக்கத்தில் பல்லுக்காகவே எல்க்கைச் சுட்டுத் தள்ளியவர்கள் உண்டு. அந்தப் பல் அன்றைக்குக் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிடும் அலங்காரப் பொருள். 1909 முதல் வந்த கடுங்குளிர்காலங்களில் ஆயிரக்கணக்கான எல்க்குகள் இந்தப் பள்ளத்தாக்கில் பட்டினியால் செத்தன. அதைப் பார்த்துத் தாங்காமல்தான் 1912-ல் தேசிய எல்க் சரணாலயம் உருவானது. இன்று சுமார் 25,000 ஏக்கரில், ஊரை ஒட்டியே அது விரிந்து கிடக்கிறது.

வேட்டை என்றதும் வரும் நெருடல்

‘மானைச் சுடுவதைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும்?’ என்று சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்வி. இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவை மூடிவிட்டது. அமெரிக்கா வேறு பாதையில் போனது. எத்தனை விலங்கு, எந்த மாதம், எந்தப் பகுதி என்று அரசு முடிவுசெய்து உரிமம் கொடுக்கிறது. உரிமக் கட்டணம் வனவிலங்குத் துறைக்குப் போகிறது. 1937-ல் வந்த ஒரு சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவிகித வரி வசூலித்து, அதையும் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

இறைச்சியை விற்கக் கூடாது. உண்ணக்கூடிய பகுதியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் வயோமிங்கில் அது குற்றம். சுட்டவர் சுமந்துகொண்டு வர வேண்டும். இந்த முறை சரியா என்ற வாதம் அங்கேயும் ஓயவில்லை. ஆனால், நினைத்தபோதெல்லாம் போக முடியாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. வேட்டைக்காரரின் ஏக்கமும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

ஏன் இந்த வெறுமை?

மலையில் அந்த ஒரு வாரம் எப்படிப் போகும் என்று பாருங்கள். விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எழ வேண்டும். இருட்டில், உறைபனியில் ஏற்றத்தில் நடை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, பனியில் பதிந்த குளம்படி எப்போது பதிந்தது என்று கண்ணும் காதும் விழித்தே இருக்கும். பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது. இரவில் கூடாரத்தில் நண்பர்களோடு ஒரே பானையில் சாப்பாடு. வெறுங்கையோடு திரும்புபவர்களும் ஏராளம். ஆனால், அவர்களுக்கும் இதே ஏக்கம் வருகிறது என்பதைப் பார்த்தால், மனசு தேடுவது மானை மட்டுமில்லை என்று புரியும். நாள் முழுக்க ஒரே ஒரு வேலை, அதில் முழுக் கவனம், பக்கத்தில் நம்பிக்கையான நாலு பேர். வீடு திரும்பியதும் இவை மூன்றுமே ஒரே நாளில் போய்விடுகின்றன.

நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே உதவும். சுற்றுலா போகிறவர்களுக்கு, போகாதவர்களைவிட மகிழ்ச்சி கூடுதலாக இருந்தது பயணத்துக்கு முன்புதான். திரும்பி வந்த பிறகு, பெரும்பாலானவர்களிடம் அந்த வித்தியாசமே தெரியவில்லை. பயணம் தரும் சந்தோஷத்தில் பெரிய பங்கு காத்திருப்பில் இருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அனுபவமுள்ள எல்க் வேட்டைக்காரர்கள் ஆய்வு எதுவும் படிக்காமலே இதைக் கடைப்பிடிக்கிறார்கள். ஓராண்டையும் காத்திருப்பின் படிகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள்.

மாதம் ஒரு வேலை

டிசம்பர், ஃப்ரீசரின் மாதம். ஒரு பெரிய ஆண் எல்க்கில் எலும்பு நீக்கிய இறைச்சி சுமார் 90 கிலோ தேறும். அதைத் துண்டுபோட்டு, தாளில் சுற்றி, தேதி எழுதி அடுக்குவதே இரண்டு நாள் வேலை. பிறகு பக்கத்து வீட்டுக்கும் அக்கா தங்கை வீட்டுக்கும் பங்கு போகும். ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு கதையும் போகும். சொல்லச் சொல்ல மனசு லேசாகும்.

ஜனவரியில் உபகரணங்களைச் சுத்தம் செய்து, பழுது பார்த்து, ‘அடுத்த முறை எதைக் கொண்டுபோகக் கூடாது’ என்று பட்டியல் எழுதுவார்கள். முதல் பயணத்தில் தூக்கிச் சுமந்ததில் பாதி தேவையில்லை என்று புரிந்திருக்கும். அதை விற்றால் அடுத்த பயணத்துக்கான முதல் வரவும் ஆயிற்று.

வெளிமாநிலத்தவர் எல்க் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் கெடு பிப்ரவரித் தொடக்கத்தில். குலுக்கல் முடிவு வர மே மாதம் ஆகும். அதுவரை வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து ஓடைகளின் பெயர்கூட மனப்பாடமாகிவிடும்.

மே மாதத்தில் இன்னொரு வேட்டையும் உண்டு. இதில் ரத்தம் இல்லை. மலைச்சரிவுகளில் உதிர்ந்து கிடக்கும் கொம்புகளைத் தேடிப் பொறுக்குவது. குளிரில் மெலிந்திருக்கும் விலங்குகளை விரட்டிவிடக் கூடாது என்பதற்காக, வயோமிங்கின் மேற்குப் பகுதியில் ஏப்ரல் முடியும்வரை இதற்குத் தடை. மே 1 காலை 6 மணிக்குத்தான் அனுமதி. வெளிமாநிலத்தவர் இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். அதே மாதத்தில் ஜாக்சன் சதுக்கத்தில் கொம்பு ஏலமும் நடக்கும். சரணாலயத்தில் சாரணச் சிறுவர்கள் பொறுக்கிச் சேர்த்தவை அவை. ஏலப்பணத்தின் பெரும்பங்கு சரணாலயத்துக்கே திரும்பிப் போகிறது.

காசுக்கு என்ன வழி?

இனி கணக்குக்கு வருவோம். வெளிமாநிலத்தவருக்கான சாதாரண எல்க் உரிமம் அண்மை ஆண்டுகளில் 692 டாலர். நம் பணத்தில் 60,000 ரூபாய் அளவில். விண்ணப்பக் கட்டணம் 15 டாலர் தனி. பெட்ரோல், சாப்பாடு, இறைச்சி வெட்டும் கூலி எல்லாம் வேறு. அரசு ‘பெருங்காடு’ என்று அறிவித்த பகுதிகளுக்குள் போக வேண்டுமானால், வெளிமாநிலத்தவர் வழிகாட்டி இல்லாமல் வேட்டையாட முடியாது. வழிகாட்டி, குதிரை, கூடாரம் என்று போனால் பல ஆயிரம் டாலர் பிடிக்கும்.

மாதச் சம்பளக்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். தீபாவளிச் சீட்டு! வாரம் 50 டாலர் தனிக் கணக்கில் போய்விட வேண்டும். ஓராண்டில் 2,600 டாலர். நண்பர்களோடு ஒரே வண்டியில் போய், சொந்தக் கூடாரத்தில் தங்கினால், பயணத்தின் பெரும்பகுதிச் செலவு இதில் அடங்கிவிடும். வழிகாட்டியோடு போக விரும்பினால் மூன்று ஆண்டுச் சீட்டு. வீட்டுச் செலவில் கை வைக்காமல், கடன் அட்டையைத் தேய்க்காமல் போய் வந்தால், திரும்பி வந்ததும் தவணை நோட்டீஸ் வந்து நிற்காது. பயணத்துக்குப் பிந்தைய சோகத்தில் பாதி அந்த நோட்டீஸ்தான்.

வயது காத்திருக்காது

பணச்சீட்டு தவிர, புள்ளிச்சீட்டு ஒன்றும் இருக்கிறது. எல்க்குக்கு ஆண்டுக்கு 52 டாலர் கட்டி ஒரு முன்னுரிமைப் புள்ளி வாங்கலாம். வெளிமாநிலத்தவருக்கான உரிமங்களில் 75 சதவிகிதம் அதிகப் புள்ளி வைத்திருப்பவர்களுக்கே முதலில் போகிறது. மிச்சம்தான் வெறும் குலுக்கல். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் விண்ணப்பமும் போடாமல், புள்ளியும் வாங்காமல் இருந்தால் சேர்த்ததெல்லாம் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், எல்லோரும் புள்ளி சேர்க்கிறார்கள். நல்ல பகுதிகளுக்குத் தேவைப்படும் புள்ளியும் ஏறிக்கொண்டே போகிறது. போன ஆண்டு ஐந்து போதும் என்று இருந்த இடத்துக்கு, நம் கையில் ஐந்து சேர்வதற்குள் ஆறு வேண்டும் என்றாகிவிடும். மலைச் செம்மறி ஆட்டுக்கும் மூஸ் மானுக்கும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்த்தும் இன்னும் உரிமம் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். நாற்பது வயதில் தொடங்கியவர் அறுபதைத் தாண்டியிருப்பார். புள்ளி இருக்கும், முழங்கால் இருக்காது.

இதற்கு அங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெரிய கனவுக்குப் புள்ளி சேரும்போதே சின்னப் பயணங்களைத் தள்ளிப் போடாமல் இருப்பது. கொம்பில்லாத பெண் எல்க்குக்கான உரிமம் பாதி விலைக்கும் குறைவு. மலை அதே மலை, விடியலும் அதே விடியல்.

இன்னொன்று, குழுவாக விண்ணப்பிப்பது. அப்போது எல்லோருடைய புள்ளியையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். எட்டுப் புள்ளி வைத்திருக்கும் அப்பா, புள்ளியே இல்லாத மகளோடு சேர்ந்தால் ஆளுக்கு நான்கு. அப்பா தனியாகப் போயிருந்தால் கிடைத்திருக்கும் சிறந்த பகுதி, இப்போது கிடைக்காமல் போகலாம். ஆனால், மகளோடு மலையேறும் உடம்பு அவருக்கு இன்னும் எத்தனை ஆண்டுக்கு இருக்கும்? பாதியை விட்டுக் கொடுத்து இந்த ஆண்டே போவதா, தனியாக இன்னும் பொறுப்பதா? பிப்ரவரிக் கெடுவுக்கு முன் பல வீடுகளில் சாப்பாட்டு மேஜையில் நடக்கும் பேச்சு இது. பணக்கணக்கு தெரிந்தவரும் இங்கே கொஞ்சம் தடுமாறுவார்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். பயணம் முடிந்த சோர்வு சில நாட்களில் தானாகக் கரைய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம், பசி, வேலை எல்லாம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அது பயண ஏக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

துப்பாக்கி இல்லாமலும் போகலாம்

வேட்டையில் விருப்பம் இல்லாதவர்களுக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் இடம் உண்டு. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை, குதிரைகள் இழுக்கும் சறுக்கு வண்டியில் சரணாலயத்துக்குள் அழைத்துப்போவார்கள். குளிர்காலத்துக்காக மலையிலிருந்து இறங்கி வந்த எல்க்குகள் ஆயிரக்கணக்கில் பனியில் நின்று மேய்வதைக் கிட்டத்தில் பார்க்கலாம். குரல் கேட்க வேண்டுமென்றால் செப்டம்பரில் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்கு, விடியலிலோ அந்தி நேரத்திலோ போக வேண்டும். அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். தேதியை இப்போதே முடிவுசெய்து, மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள். டிக்கெட் எடுக்கும் நாள் வரைக்கும் காலண்டரைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.