அடிவாரத்தில் ஓர் இரவு

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் சேந்தமங்கலத்தை ஓர் ஊராகவே கணக்கில் வைப்பதில்லை. புதன்சந்தையில் நெடுஞ்சாலையை விட்டு விலகி, இந்த ஊரைக் கடந்து, காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி என்று மலையேறிவிடுகிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஆகாயகங்கை அருவியும் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடலாம். இந்தச் சமவெளியில் நின்று பார்க்க வேண்டியது, சாலையோரம் நிற்கிற லாரியின் விலாவில் மாட்டியிருக்கும் பெட்டி. திறந்தால் அடுப்பு, குக்கர், அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள். பக்கத்தில் தண்ணீர் டிரம். கேபினுக்குள் இருக்கைக்குப் பின்னால் படுக்கப் பலகை. நெடுந்தூர லைனுக்குப் போகிற நாமக்கல் ஓட்டுநர் வாரக்கணக்கில் குடியிருக்கிற வீடு அது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் வடமாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் இப்படித்தான் வாழ்கிறார்கள். கேரவன் என்ற சொல்லைக் கேட்டதும் படப்பிடிப்புத் தளத்து நடிகர்தான் நம் நினைவுக்கு வருகிறார். வயதான ஒருவர் தனியே வண்டி ஓட்டிக்கொண்டு, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி ஊர் ஊராகப் போவதை வெள்ளைக்காரர் பழக்கம் என்று ஒதுக்குகிறோம். உலகத்திலேயே அந்த வாழ்க்கையை நன்றாக அறிந்த வட்டாரங்களில் ஒன்று நம்முடையது. பிழைப்புக்காக அதை ஏற்றுக்கொண்டோம். ஓய்வுக் காலத்துக்கு உரியதாக இன்னும் நினைத்துப் பார்க்கவில்லை.

நினைத்துப் பார்க்கச் சொல்வதற்கு முதல் காரணம் உடம்பு. முதியவர்கள் பயணத்தை மறுப்பது ஆசை வற்றியதால் என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். கழிப்பறைதான் காரணம். பேருந்தில் ஏறும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பாட்டிமார்கள் எத்தனையோ பேர். புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கு இரண்டு மணி நேரப் பயணமே தண்டனை. முட்டி தேய்ந்தவர்களால் சாலையோர ஓட்டலின் தரைக் கழிப்பறையில் உட்கார முடியாது. சர்க்கரைக்காரருக்கு நேரத்துக்குக் கஞ்சி வேண்டும். இன்சுலின் கெடாமல் இருக்கக் குளிர்ச்சி வேண்டும். இவையெல்லாம் ஒரு வேனுக்குள் அடங்கிவிட்டால் போக முடியாத ஊர் குறைந்துவிடும். சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சொந்த உபயோக வண்டிக்குக் கார் ஓட்டும் உரிமமே போதும். 55 வயதுக்கு மேல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டிக்கொடுக்க நாமக்கல் பட்டறைகள் இருக்கின்றன. வெறும் சேசிஸாக வருகிற வண்டிக்குத் தச்சரும் வெல்டரும் டிங்கரும் பெயிண்டரும் சேர்ந்து உடல் கொடுக்கிற கைகள் இங்கேதான் இருக்கின்றன. இஷ்டத்துக்கு மாற்றிவிட முடியாது என்பது உண்மை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது, கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவரையறையும் உண்டு. லாரிக்கு வந்த விதிகளுக்கு ஏற்ப வேலையை மாற்றிக்கொண்ட பட்டறைகளுக்கு இதுவும் முடியும்.

இனி, வீட்டுக்கு வீடு எழும் மறுப்பு: தனியாகப் போகிறவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இந்தக் கேள்வியில் வீடு பாதுகாப்பானது என்ற நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. மகன் பெங்களூரில், மகள் துபாயில், தோட்டத்து வீட்டில் அப்பா மட்டும் என்பது கொங்கு நாட்டில் இன்று சாதாரணம். 2024இல் பல்லடம் அருகிலும் 2025இல் சிவகிரி அருகிலும் முதியவர்கள் தோட்டத்து வீடுகளிலேயே கொல்லப்பட்டார்கள். சுவரும் பூட்டும் அவர்களைக் காக்கவில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருகிற தூரமே பாதுகாப்பு. அது வீட்டில் இல்லாமல் போகலாம், வண்டி நிற்கும் இடத்தில் இருக்கலாம். நெஞ்சு வலிக்கும் இதே கணக்குதான்: தோட்டத்துக்குள் தேடி வரும் 108 ஆம்புலன்ஸ், தார்ச்சாலை ஓரத்துக்குச் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் இருட்டில் எங்காவது நிறுத்திவிட்டுப் படுத்தால், முக்கியமாக ஒரு பெண், இந்த வாதம் முழுதும் உடைந்துபோகும். ஆகவே வண்டியை விட நிறுத்துமிடம்தான் பெரிய கேள்வி.

ஊர் வாயும் இருக்கிறது. “பிள்ளைங்க சோறு போடலையா?” என்று கேட்கும். ஊர் ஊராகத் திரிந்த அவதூதர் சுயம்பிரகாச சுவாமிகளைத் தத்தகிரிக் குன்றில் வணங்குகிற ஊர் சேந்தமங்கலம். தனியே அலைந்தவரை இந்த மண் தாழ்வாக நினைத்ததில்லை. துறவிக்குத் தருகிற மரியாதையைச் சம்சாரிக்குத் தருவார்களா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. வண்டியில் போகிறவர் எதையும் துறக்கவில்லை. வீட்டுச் சாவி இடுப்பில் இருக்கிறது. பேரன் கல்யாணத்துக்குத் திரும்பி வருவார். அமெரிக்காவில் நிலைமை வேறு. 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டை இழந்த முதியவர்கள் வேனில் குடியேறி, கிடங்குகளில் கூலி வேலை செய்ததை ஜெசிக்கா புரூடர் 2017இல் ‘நோமட்லேண்ட்’ என்று புத்தகமாக எழுதினார். கைவிடப்பட்டவர்களின் பயணம் அது. அதை இங்கே யாரும் ஆசைப்பட்டு வரவழைக்கக் கூடாது.

நமக்குப் பொருந்துவது ஆஸ்திரேலியா. ஓய்வுபெற்றவர்கள் வண்டியோடு கண்டத்தைச் சுற்றுவது அங்கே சகஜம். சின்ன ஊர்கள் அவர்களைப் போட்டி போட்டு அழைக்கின்றன. ஓரிரு இரவு நிறுத்த இடம், குடிநீர்க் குழாய், கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் குழி இவையெல்லாம் உள்ள ஊருக்கு, கேரவன்காரர்களின் சங்கமே வண்டிகளுக்கு இணக்கமான ஊர் என்று பலகை கொடுக்கிறது. வந்தவர்கள் மளிகை வாங்குவார்கள், மருந்து வாங்குவார்கள், டீசல் போடுவார்கள். ஊருக்கு அதுவே வருமானம். நமக்கு இது புதிதும் இல்லை. ராணி மங்கம்மாள் சாலையோடு சத்திரமும் கட்டினார். ஒரத்தநாட்டில் 1802இல் இரண்டாம் சரபோஜி முக்தாம்பாள் சத்திரம் எழுப்பினார். நெடுஞ்சாலை அகலமான காலத்தில் சத்திரம் மறைந்து, தங்கும் உரிமை விடுதி வாடகை கொடுக்கிறவர்களுக்கு என்று சுருங்கிவிட்டது. 2021இல் கேரளம் தொடங்கிய கேரவன் திட்டம்கூட வாடகை வண்டியில் வரும் சுற்றுலாக் குடும்பத்தை மனதில் வைத்தது. சொந்த வண்டியில் தனியே வரும் எழுபது வயதுக்காரர் அதன் கணக்கில் இல்லை.

சேந்தமங்கலத்தைச் சொல்வதற்குக் காரணம் மலை. எழுபது வளைவுகளில் படுக்கையும் தண்ணீர்த் தொட்டியும் சுமந்த வண்டியை ஏற்றுவது எந்த வயதிலும் புத்திசாலித்தனம் ஆகாது. வண்டியை அடிவாரத்தில் விட்டு, காலையில் அரசுப் பேருந்தில் மலைமேல் உள்ள செம்மேடு போய், சாயங்காலம் தன் படுக்கைக்குத் திரும்புவதே சரியான முறை. இப்படிப் போகக்கூடிய வயதினரும் இங்கே குறைவில்லை: 2021இல் தமிழ்நாட்டு மக்களில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம் என்று மத்தியப் புள்ளியியல் அறிக்கை மதிப்பிட்டது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஆகவே சேந்தமங்கலம் பேரூராட்சிக்கு ஒரு வேண்டுகோள். பேருந்து நிலையத்துக்கு எட்டிய தூரத்தில் ஓர் ஏக்கர் சமதளம், ஒரு குடிநீர்க் குழாய், இரவு முழுக்க எரியும் விளக்கு, உட்காரும் கழிப்பறை, கழிவுக் குழி, ஒரு காவலாள் கொடுங்கள். லாரிக்காரர்களையும் அங்கே நிற்க விடுங்கள். அவர்கள் இருக்கிற இடத்தில் ஆள் துணை இருக்கும். இதைத் தொடங்க மன்றத்தில் ஒரு தீர்மானம் போதும்.