மாசியில் ஊட்டி... பையில் அரைக் கிலோ தேயிலை!

தை அறுவடை முடிந்து நெல் போட்ட காசு கைக்கு வந்ததும், ‘பிள்ளைகளை ஊட்டிக்குக் கூட்டிப் போகலாமா?’ என்ற பேச்சு பல வீடுகளில் எழும். தாராளமாகப் போகலாம். ஏப்ரல், மே மாதங்களை மட்டும் தவிர்த்துவிட வேண்டும். அப்போது அறை வாடகை எகிறிக் கிடக்கும். பாதி நாள் நெரிசலிலேயே போய்விடும். மாசியில் ஒரு சனி, ஞாயிறு என்றால் செலவு கையைக் கடிக்காது. குளிருக்குக் கம்பளி மட்டும் கூடுதலாக வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்துதான் மலிவு. சொந்த வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். மலை ரயிலில் 46 கிலோமீட்டரும் ஏற டிக்கெட் கிடைக்கவில்லையா? குன்னூர் வரை பேருந்தில் போய், அங்கே ரயில் ஏறினாலும் பிள்ளைகளுக்கு அதே குதூகலம்தான்.

குன்னூரைச் சுற்றித் தெரியும் பச்சைச் சரிவு எல்லாமே பெரிய எஸ்டேட் இல்லை. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் தோட்டங்களும் அதில் ஏராளம். பறித்த இலையை அன்றைக்கே ஆலையில் சேர்த்தாக வேண்டும்; இருப்பு வைத்து விற்க வழியில்லை. 4 கிலோவுக்கு மேல் பச்சை இலை கொடுத்தால்தான் 1 கிலோ தூள் கிடைக்கும். ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ, அதைப் பொறுத்துத்தான் இலைக்கு விலை. கரும்பை வெட்டி அனுப்பிவிட்டு ஆலையின் வாயைப் பார்த்து நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டுப்படியாகும் விலை கேட்டு இந்த விவசாயிகள் 2023 செப்டம்பரில் உண்ணாவிரதமே இருந்தார்கள்.

அதனால், சொந்தபந்தங்களுக்கு என்ன வாங்கிப் போவது என்று யோசிக்கும்போது, பளபளப்பான பாக்கெட்டுகளைத் தாண்டி ‘இன்ட்கோசர்வ்’ விற்பனையகத்தைத் தேடலாம். குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட இது, சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலை ஆலைகளுக்கான இணையம். 1965-ல் தொடங்கியது. ரேஷன் கடையில் விற்கும் ‘ஊட்டி டீ’யும் இவர்களுடையதுதான்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால், தோடர் பெண்கள் கறுப்பு, சிவப்பு நூலில் பின்னும் பூ வேலை இருக்கிறது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. சால்வை விலை அதிகம். சிறிய பர்ஸ் வாங்கலாம். கோத்தகிரியில் ‘லாஸ்ட் ஃபாரஸ்ட்’ கடையில் பழங்குடி மக்கள் எடுத்த மலைத்தேன் கிடைக்கும்.

வழியோரக் கடையில் தேயிலை வாங்கினால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நனைத்த வெள்ளைத் துணியில் ஒரு சிட்டிகைத் தூளைப் போட வேண்டும். போட்ட உடனே சாயம் படர்ந்தால், அதில் நிறம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.