கைப்பிடி அரிசி

எங்கள் வீட்டு அடுப்போரம் இரண்டு பானைகள் இருக்கும். பெரியதில் வீட்டு அரிசி. சின்னதில் கர்த்தருக்கான அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு கைப்பிடி அள்ளிச் சின்னப் பானையில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவாள். ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கொட்டி என்னிடம் கொடுப்பாள். கூரை வேய்ந்த ஜெபவீட்டு வாசலில், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர் படியால் அளந்து நோட்டில் எழுதிக்கொள்வார்.

அப்போது எங்கள் ஊர் வடக்குப்பட்டு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. பக்கத்து ஓரகடம் என்றால் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் கூடுகிற முனை, அவ்வளவுதான். கம்பெனிகள் வரப் பல வருஷங்கள் இருந்தன. ஏரி நிறைந்தால் சோறு, இல்லையென்றால் இல்லை.

1982-ல் ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தது. மறு வருஷம் சென்னைப் பட்டணமே குடிநீருக்குத் தவித்தது. எங்கள் ஏரி எம்மாத்திரம்? தரை பாளம் பாளமாக வெடித்தது. அப்பா வாரத்துக்குப் பயிரிட்ட நிலத்தில் நாற்று கருகியதும், செங்குன்றம் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டார். எனக்கும் அக்காவுக்கும் பகல் சாப்பாடு பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. 1982 ஜூலையில்தான் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியிருந்தார், அந்தச் சோற்றை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ராத்திரிதான் கஷ்டம். கேழ்வரகுக் கூழ், சில நாள் வெறும் கஞ்சித் தண்ணீர்.

அரிசி வாங்கிய நாளில் மட்டும் அந்தக் கைப்பிடி தவறாது. ஒருநாள் கோபத்தில் கேட்டேவிட்டேன். “மழையே குடுக்கல, அவருக்கு எதுக்கும்மா அரிசி?”

அம்மா அடிக்கவில்லை. “சும்மா குந்துடா. மழை பேஞ்சாத்தான் போடுவேன்னு சொல்ல நான் யாரு?” என்றபடி உலைமூடியைத் திறந்தாள். முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. அது என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

ராத்திரி சிம்னி விளக்கைத் தணித்துவிட்டு முழங்காலில் நிற்போம். அம்மாவின் ஜெபம் நீளமானது. அப்பாவின் இருமல், கறவை வற்றிய மாடு, எதிர்வீட்டுப் பிள்ளைத்தாச்சி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வரும். பாக்கியைக் கேட்டு எங்கள் வாசலில் நின்று கண்டபடி ஏசிய கடைக்காரரின் பெயரும் அதில் வரும். அவர் வீட்டுக்கும் நன்மை கேட்பாள். அந்த இடத்தில் அக்கா என் தொடையைக் கிள்ளுவாள். ஜெபம் முடிந்ததும் அம்மா படுத்த உடனே தூங்கிவிடுவாள். பசித்த வயிற்றோடு அப்படி நிம்மதியாகத் தூங்க முடியுமா என்று இருட்டில் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன்.

ஆயாவுக்கு, அதாவது எங்கள் பாட்டிக்கு, பஞ்சம் புதிதில்லை. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் தப்பியவர்களின் கதையை அவள் தன் பாட்டியிடம் கேட்டிருந்தாள். அந்தப் பஞ்சத்துக்குப் பின்தான் செங்கல்பட்டுச் சேரிகளில் பலர் வேதத்துக்கு வந்தார்கள். மிஷனரிகளான செங்கல்பட்டு ஆடம் ஆண்ட்ரூவும் திருவள்ளூர்ப் பக்கத்து வில்லியம் கௌடியும் ஜெபத்தோடு நிற்கவில்லை, நிலமில்லாத ஜனங்களுக்கு நிலம் கேட்டு வாதாடினார்கள். 1891-ல் கலெக்டர் ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கையும் 1892 அரசாணையும் ஒடுக்கப்பட்டோருக்கான பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தன. இதையெல்லாம் நான் படித்தது பிற்பாடு. ஆயா சொன்னது, “சோத்துக்கு வேதத்துல சேந்தோம்னு ஊரு பேசிச்சு. சோறு இல்லாத நாள்லயும் இருக்கறமே, அத யாரு பேசறா?”

மாசியில் அறுப்பின் பண்டிகை வந்தது. நல்ல வருஷங்களில் நெற்கட்டும் கரும்பும் பூசணியும் சேவலும் வந்து குவியும். ஆராதனை முடிந்து நடக்கும் ஏலத்தில் ஒரே சிரிப்பாக இருக்கும். அறுப்பே இல்லாத வருஷத்தில் எதைக் கொண்டுவருவது? ஜனங்கள் வந்தார்கள். வேலிகாத்தான் விறகு ஒரு கட்டு, பனங்கிழங்கு, ஏரித்தரையில் தோண்டிய கொட்டிக்கிழங்கு, இரண்டு முட்டை. உபதேசியார் ஆபகூக்கின் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தார். விளைச்சலும் மந்தையும் அற்றுப்போன ஒரு மனிதன் தேவனுக்குள் மகிழுகிற பாட்டு அது. வாசிக்கும்போதே அவர் குரல் உடைந்தது. பிறகு, இன்று ஏலம் இல்லை, சேர்ந்திருக்கும் கைப்பிடி அரிசியும் இந்தப் பண்டங்களும் அடுப்பு எரியாத வீடுகளுக்குப் போகும் என்றார்.

எங்கள் வீட்டுக்கும் இரண்டு படி வந்தது. அம்மா முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கினாள். உலை கொதித்தது. அந்த அரிசியிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துச் சின்னப் பானையில் போட்டாள். அப்போதுதான் என் கோபம் போனது.

அவளுடைய சமாதானம் மழைக்கோ கூலிக்கோ காத்திருக்கவில்லை. விசுவாசித்தால் கார் வரும், வீடு வரும் என்று மேடை போட்டுச் சொல்கிறவர்கள் அவளை அறியாதவர்கள். அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை.

 இன்று ஓரகடத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்யும் ஆலைகள் வந்துவிட்டன. சுற்றுவட்டாரத்து வாடகை அறைகளில் ஒடிசா, பீகார், அசாம் பிள்ளைகள் நெருக்கியடித்து இருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் மறுநாளே வேலை இல்லை. சபையாருக்கு ஒன்று சொல்வேன்: கைப்பிடி அரிசியை நிறுத்திவிடாதீர்கள். இந்த வாரம் அதை அளந்து, அந்த அறைகளின் கதவைத் தட்டிக் கொடுங்கள்.