மூன்று கடிகாரங்கள்

2025 ஜூலை 11 முதல் ஆகஸ்ட் 3 வரை உலக நீர்விளையாட்டுச் சாம்பியன்ஷிப் சிங்கப்பூரில் நடைபெற்றது. தென்கிழக்காசிய நாடொன்று அதை நடத்தியது அதுவே முதல்முறை. அங்கே குடியிருக்கும் எங்கள் உறவுக்காரப் பெண், தலையில் முக்காடும் கழுத்தில் தன்னார்வலர் அட்டையுமாக எடுத்த படத்தைக் குடும்பக் குழுவில் அனுப்பியிருந்தாள். அந்நாட்டு விளையாட்டுத் தன்னார்வலர்களுக்கு ‘டீம் நிலா’ என்று பெயர். நம் வானத்து நிலா அன்று. 2015 தென்கிழக்காசிய விளையாட்டுகளின் சின்னமாக இருந்த சிங்கத்தின் பெயர் அது. எங்கள் மூத்த மகள் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில மாதங்களில் அவளுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. பெங்களூரில் நடக்கவிருந்த ஒரு நீச்சல் போட்டிக்கு நேரம் குறிக்கத் தன்னார்வலர்கள் வேண்டுமென்று கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை கேட்டிருந்தார். பேரிகைக்குச் சென்னையைவிடப் பெங்களூரே அருகு. தூரம் எங்களுக்குத் தடையாகத் தோன்றவில்லை. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்குமாறு உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாக வழங்கும் செய்தியும் எங்களுக்குத் தெரியும். ஆயினும் நீச்சல் குளம் என்றதும் எங்கள் இருவருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது உடையும் பார்வையும்தான். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அறிவார்கள். மகளே வழி கண்டாள். பெண்கள் பிரிவுப் போட்டிகளுக்கு மட்டும் தன்னை அமர்த்தும்படி கேட்டுக்கொண்டாள்; ஒப்புக்கொண்டார்கள். வெள்ளை நிறத்தில் நீண்ட சல்வாரும் முக்காடும் அணியலாம் என்றார்கள். லுஹர் தொழுகைக்கு ஓர் அறையும் கிடைத்தது. “அத்தா, நேரம் குறிப்பவள் பார்க்க வேண்டியது ஆளை அன்று; கை வந்து தொடும் சுவரை” என்றாள்.

பயிற்சி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தது. பஜ்ர் தொழுதுவிட்டு, பாகலூர் வழியாக ஓசூர் சென்று பேருந்து மாறிப் போய்வந்தோம். பார்வையாளர் படிக்கட்டில் அமர்ந்து நாங்களும் பாதி கற்றோம். ஒரு தடத்துக்கு மூவர், மூன்று ஸ்டாப்வாட்ச். இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் மூன்று விதமாகக் காட்டினால் நடுவில் உள்ளது நேரம். ஒன்று பழுதானால் மற்ற இரண்டின் சராசரி. மின்னணுத் தொடுபலகைகள் உள்ள பெரிய போட்டிகளிலும் மனிதக் கைகளை விட்டுவிடுவதில்லை. வீராங்கனையின் விரல் மெல்லப் பட்டுப் பலகை உணராமற் போனால், கரையில் நிற்பவரின் கடிகாரமே துணை.

புறப்பாட்டு ஒலிக்குக் காத்திராமல் விளக்கின் ஒளியைக் கண்டதும் அழுத்தச் சொன்னார்கள். 50 மீட்டர்ப் போட்டி எதிர்க்கரையில் தொடங்குகிறது. அங்கிருந்து ஒலி வந்துசேர ஏறத்தாழ 0.15 விநாடி ஆகும். அது எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. நெய்வேலியில் வளர்ந்த சாஜன் பிரகாஷ் 2021 ஜூன் மாதம் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடிகளில் முடித்து, ஒலிம்பிக்கின் ‘ஏ’ தகுதியை நேரடியாகப் பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரரானார். தகுதி நேரம் 1 நிமிடம் 56.48. இடைவெளி 0.10.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் வற்புறுத்தியது: பக்கத்துக் கடிகாரத்தைப் பார்க்காதே, உன் கடிகாரம் காட்டியதை எழுது. இதற்குச் சான்றாகப் பயிற்சியாளர் சொன்ன கதையும் ரோமில் நடந்ததே. 1960 ஒலிம்பிக், 100 மீட்டர் தன்விருப்ப நீச்சல். அமெரிக்கரான லான்ஸ் லார்சனின் தடத்தில் நின்ற மூவரின் கடிகாரங்கள் 55.0, 55.1, 55.1 என்றன. ஆஸ்திரேலியரான ஜான் டெவிட்டின் தடத்தில் மூன்றுமே 55.2. ஆனால் யார் முதலில் தொட்டார் என்பதில் நடுவர்கள் பிளவுபட்டனர். தலைமை நடுவர் டெவிட்டுக்குத் தங்கத்தை அளித்தார். அத்துடன் நிற்கவில்லை. தீர்ப்போடு பொருந்தும்படி லார்சனின் நேரமும் 55.2 என்று மாற்றப்பட்டது. அந்தச் சர்ச்சைக்குப் பிறகே தொடுபலகையின் தேவை வலுத்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அது வந்துவிட்டது. கண்டதைக் கண்டபடி எழுதிய மூவரின் எண்கள் என்ன ஆயின என்பதை எண்ணியபடியே அன்று வீடு திரும்பினோம். சாட்சியம் தனக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக முடிந்தாலும் நீதியில் நிலைத்து நிற்கக் கட்டளையிடும் அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தை அதுவரை நீதிமன்றத்தோடு மட்டுமே சேர்த்து எண்ணிவந்திருக்கிறோம்.

மகளின் பயிற்சிக்காக வீட்டிலும் ஓர் ஏற்பாடு செய்தோம். எங்கள் வாசற்கதவிலிருந்து பள்ளிவாசல் படிவரை இளையவன் ஓட, நாங்கள் இருவரும் மகளும் கைபேசியில் நேரம் குறித்தோம். 24.38, 24.31, 23.70. மகள் நடுவில் உள்ளதை எழுதிக்கொண்டாள். தம்பியோ 23.70தான் தன் நேரமென்று தெரு முழுதும் சொல்லிவிட்டான்.

போட்டி நாளில் அவளுக்கு ஆறாம் தடம். காலை முழுதும் குறையின்றிப் போயிற்று. பிற்பகலில் ஒரு 200 மீட்டர்ப் போட்டி. முடிவில் நீர் முகத்தில் தெறித்ததில் கை தாமதித்துவிட்டது. மற்ற இருவரின் கடிகாரங்களைவிட அவளுடையது 0.40 விநாடி அதிகம் காட்டியது. பக்கத்தில் நின்ற பெண் தன் கடிகாரத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாளாம், இரக்கத்தால்தான். மகள் தன் எண்ணையே எழுதி, தாமதமாக அழுத்தினேன் என்று தலைமை நேரக்காப்பாளரிடம் சொன்னாள். நடுக் கடிகாரம் இருந்ததால் நீந்திய பிள்ளைக்கு நட்டமில்லை. ஆனால் அடுத்த போட்டியிலிருந்து எங்கள் மகளை அழைப்பறைக்கு மாற்றிவிட்டார்கள். மாலைவரை வீராங்கனைகளின் பெயர்களைச் சரிபார்த்து வரிசையில் நிறுத்தும் வேலைதான். படிக்கட்டில் இருந்த எங்களுக்கு, ஆறாம் தடத்தின் பின்னால் வேறொரு பெண் வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது.

திரும்பும் வழியில் அவள் பேசவில்லை. கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. பாராட்டினால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பாளோ என்று அதற்கும் தயங்கினோம். பாகலூர் தாண்டியபின் எங்கள் பக்கம் திரும்பினாள்.

“அத்தா, தம்பி ஓடிய அன்று நீங்கள் முன்னதாகவே அழுத்திவிட்டீர்களா?”

24 விநாடிக்குள் அவன் வந்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அவள் அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சிரித்தாள். மறுநாள் அஸருக்குப் பிறகு தம்பியை மீண்டும் ஓடவைத்தோம். 24.52, 24.47, 24.50.