பிரவுன்-செகாரும் விழுப்புரத்து லேகியமும்

இதற்கு "ஆண்களுக்கு மட்டும்" என்று தலைப்பு வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், வீட்டுப் பெண்களும் படிக்கட்டும்.

70 முடிந்த வருஷம் எனக்கு ஒரு சோர்வு வந்தது. வேலையால் வந்த களைப்பு இல்லை. பென்ஷன்காரனுக்கு என்ன வேலை? காலையில் கடற்கரைச் சாலை நடை நின்றது. தினமும் சவரம் செய்கிறவன், மூன்று நாளைக்கு ஒரு தடவை செய்தால் போதும் என்று ஆயிற்று. சீரியல் பார்த்துக் கண் கலங்கினேன். மற்ற விஷயத்தில் ஆசையே அற்றுப்போயிற்று. தனி அறையில் படுக்க ஆரம்பித்தேன். குறட்டை என்று காரணம் சொன்னேன்.

வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல், போஸ்டர் பார்த்து விழுப்புரத்தில் ஒரு லாட்ஜுக்குப் போனேன். மாதம் ஒரு நாள் வருகிற வைத்தியர். நாடியைப் பிடித்தார், இரண்டு டப்பா லேகியம் கொடுத்தார், 4,500 ரூபாய். ஒரு மாதம் தின்றேன். ஏறியது சர்க்கரைதான், 290. லேகியம் முழுக்க வெல்லமும் நெய்யும்!

அப்போதுதான் பள்ளிக்கூட ஞாபகம் வந்தது. பிரெஞ்சு மீடியத்தில் எங்கள் இயற்கை அறிவியல் மெஸ்யே, பிரவுன்-செகார் கதையைச் சொல்வார். மொரீஷியஸில் பிறந்தவர், பாரிஸில் பெரிய பேராசிரியர். 1889-இல், 72 வயதில், நாய், கினிப்பன்றி இவற்றின் விரைகளை அரைத்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பியது என்று அறிஞர் சபையில் அறிவித்தார். வகுப்பே சிரித்தது. அந்தச் சாற்றில் மருந்து அநேகமாக ஒன்றுமே இல்லை. டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் சரியாகக் கரையாது. மனுஷர் நம்பினார், தெம்பு வந்தது. அந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்ததும் செயற்கையாகச் செய்ததும் 1935-இல்தான். சிரித்த பையன்களில் ஒருவன் 72-ஐ நெருங்கும்போது லாட்ஜ் வாசலில் நின்றிருக்கிறேன்.

சர்க்கரைக்காகப் போன இடத்தில், ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினார்கள். என் மகள் வயசுப் பெண். "ஐயா, விடியற்காலையில விறைப்பு வருதா?" என்று நேராகக் கேட்டது. நான் மின்விசிறியைப் பார்த்தபடி பதில் சொன்னேன்.

காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், இரண்டு வேறு வேறு நாளில் ரத்தம் எடுத்தார்கள். காலையில்தான் அது உச்சத்தில் இருக்குமாம். சாயங்காலம் எடுத்தால் நல்லவனுக்கும் குறைவாகக் காட்டும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்று பலர் கொள்கிறார்கள். எனக்கு 212, பிறகு 228. கோளாறு விரையிலா, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலா என்று அறிய எல்.எச்., புரோலாக்டின். புராஸ்டேட்டுக்கு பி.எஸ்.ஏ. புராஸ்டேட் புற்றுநோய் இருந்தால் இந்த மருந்தை இஷ்டத்துக்குப் போட முடியாது.

"முதல்ல தொப்பையைக் குறைங்க ஐயா. அந்தக் கொழுப்பே உங்க ஹார்மோனைப் பெண் ஹார்மோனா மாத்துது" என்றது அந்தப் பெண். குறட்டைக்கும் சோதனை எழுதியது. ஆறு மாதத்தில் 84 கிலோ 77 ஆனது, சர்க்கரை இறங்கியது, எண் 260-க்கு வந்தது. பாதி தெம்பு அதிலேயே வந்துவிட்டது. மீதிக்குத்தான் மருந்து.

தோளில் தடவும் ஜெல் உண்டு. ஆனால் தடவிய தோலைக் குழந்தைகள் தொட்டால் அவர்களுக்கும் ஒட்டும். என் பேரன் எந்நேரமும் தோளில்தான் ஏறுவான். அதனால் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. வருஷ முடிவில் ரத்தம் கெட்டிப்பட்டு ஹெமட்டோகிரிட் 55-ஐத் தொட்டது. கொஞ்ச நாள் நிறுத்தி, அளவைக் குறைத்தார்கள். சோதனை இல்லாமல் இந்த ஊசியைப் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பிள்ளை வேண்டும் என்றிருக்கிற வாலிபர்கள் பக்கத்திலேயே போகக்கூடாது, விந்தணு குறைந்துவிடும். ஜிம்மில் சொல்ல மாட்டார்கள்.

ஊசி இருபது வயசு ஆக்கவில்லை. நடை திரும்பியது, சவரம் திரும்பியது.

ஒரு ராத்திரி இவளிடம் லேகியக் கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள். "ரெண்டு வருஷமா, நான் என்ன தப்பு செஞ்சேன், என்னைப் புடிக்காம போச்சோன்னு நெனச்சிட்டிருந்தேங்க" என்றாள்.

மறுநாள் என் தலையணையை அவளே எடுத்துவந்து பழைய இடத்தில் போட்டாள்.