டிரெய்லருக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு

விழுப்புரம் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் கரும்பு போட்டிருக்கும் அந்த விவசாயிக்கு, ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்த அன்றே ஒரு கவலையும் சேர்ந்து வந்தது. வெட்டி, கட்டி, லோடு ஏற்றி முடிக்கவே பொழுது சாய்ந்துவிடும். ஆலைக்குப் போவது இருட்டில்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிரெய்லரிலோ பின் விளக்கே கிடையாது.

‘எல்லாரும் இப்படித்தானே ஓட்டுறாங்க’ என்று விட்டுவிடலாம். ஆனால், அவர் வீட்டுத் திண்ணையில் மைத்துனர் உட்கார்ந்திருக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன்பு, பஞ்சராகி ரோட்டோரம் நின்ற கரும்பு டிரெய்லர் மீது பைக்கில் போய் மோதியவர். உயிர் தப்பியது. வலது முழங்கால் இன்றுவரை மடங்காது. “இருட்டு எது, வண்டி எதுன்னே தெரியல மாமா. முட்டுன பிறகுதான் கரும்புன்னு தெரிஞ்சுது” என்பார்.

டவுன் எலெக்ட்ரீஷியனுக்கு சீசன் நேரம், வர நாலு நாள் ஆகும் என்றார். அதனால் பிளஸ் டூ படிக்கும் மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவசாயியே வேலையில் இறங்கினார். டிராக்டரின் பின்பக்கம் 7 பின் சாக்கெட் ஏற்கெனவே இருந்தது. பொதுவாக அதில் 1-ம் பின் இடது இண்டிகேட்டர், 4 வலது இண்டிகேட்டர், 6 பிரேக், 5-ம் 7-ம் பின் விளக்குகள், 3 எர்த். ஆனால், பழைய வண்டியில் இடையில் யார் யார் கை வைத்திருப்பார்களோ? ஒயரின் நிறத்தை நம்பாமல், டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொரு பின்னாகப் பார்த்தார். மகள் சீட்டில் ஏறி ஸ்விட்ச் போட்டாள், பிரேக் மிதித்தாள். எந்தப் பின்னில் லேம்ப் எரிகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்கள். அதன்பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் ஒயரில் கை வைத்தார்கள்.

சாயங்காலத்துக்குள் விளக்கு எரிந்தது. மறுநாள் காலியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் விளக்கு மங்கியது. “அப்பா, நீங்க பிரேக் மிதிச்சா இண்டிகேட்டரும் லேசா எரியுது” என்றாள் மகள்.

கோளாறு எர்த்தில் இருந்தது. ‘இரும்போடு இரும்பு சேர்ந்திருக்கிறதே, கொக்கி வழியாகவே எர்த் கிடைத்துவிடும்’ என்று தனி ஒயர் இழுக்காமல் விட்டிருந்தார். கொக்கியில் துரு, கிரீஸ், பெயின்ட் எல்லாம் இருக்கும். வண்டி குலுங்கும்போது தொட்டும் தொடாமலும் நிற்கும். கரண்ட் திரும்பிப் போக நேர்வழி கிடைக்காவிட்டால் மற்ற பல்புகளின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவது அதனால்தான்.

பிரேக் பல்பு இரண்டும் 21 வாட், பின் விளக்கு இரண்டும் 5 வாட், ஒரு பக்க இண்டிகேட்டர் 21 வாட். ஒரே நேரத்தில் எரிந்தால் 73 வாட். 12 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர். அத்தனையும் திரும்புவது எர்த் ஒயர் ஒன்றின் வழியாகத்தான். அதனால் மற்றவற்றுக்கு 1.5 சதுர மி.மீ. ஒயரும், எர்த்துக்கு மட்டும் 2.5 சதுர மி.மீ. ஒயரும் சாக்கெட்டின் 3-ம் பின்னிலிருந்து கடைசி விளக்கு வரை இழுத்தார். முறுக்கி டேப் ஒட்டியிருந்த இணைப்புகளைப் பிரித்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு மூடினார். ஒயர் முழுவதையும் பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டு, டயரில் உரசாதபடி சேஸிஸோடு கட்டினார். கொக்கிக்கு மேலே மட்டும், முழுசாகத் திருப்பினாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டார். பல்பு கூடியதால் இண்டிகேட்டர் மினுக்கும் வேகம் மாறியிருந்தது. கூடுதல் லோடு தாங்கும் பிளாஷர் மாற்றியதும் அது சரியானது.

விளக்கு எரிந்தால் மட்டும் போதாது என்பது லோடு ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கரும்பும் தோகையும் இரண்டு விளக்கையும் மூடிவிட்டன. நீளமான ஒரு பட்டையில் விளக்குகளைப் பொருத்தி, கரும்பின் நுனிக்கும் வெளியே தெரிகிற மாதிரி கட்டினார்கள். அதற்கு மட்டும் ஒயரில் தனியாக நீளம் விட்டிருந்தது கைகொடுத்தது. ஒயர் அறுந்தாலும் எதிரொளிக்கட்டும் என்று சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் ஒட்டினார்கள்.

அன்று இரவு புறப்படும்முன், மைத்துனர் கம்பை ஊன்றியபடி ரோட்டில் பின்னோக்கி நடந்தார். பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பிப் பார்த்தார். “பிரேக் மிதிங்க மாமா... இடது போடுங்க... வலது” என்று குரல் கொடுத்தார். எல்லாம் எரிந்தது.

“வழியில பஞ்சர் ஆச்சுன்னா என்ன செய்வீங்க?” என்று கேட்டார்.

“ஹெட்லைட்டை அணைச்சிட்டு, பார்க்கிங் லைட்டை மட்டும் விட்டுடுவேன் மாப்ள. டிராக்டர்ல ரெண்டு, டிரெய்லர்ல ரெண்டு, நாலு பல்பும் சேர்த்து 20 வாட்டுதான். பேட்டரி நல்லா இருந்தா சில மணி நேரம் தாங்கும்.”

மைத்துனர் தலையசைத்தார். “அன்னிக்கு அந்த 20 வாட்டு இருந்திருந்தா போதும் மாமா” என்றார்.

வெட்டு முடியும்வரை தினமும் சாயங்காலம் அது வழக்கமானது. லோடு கட்டியதும் மைத்துனர் பஸ் ஸ்டாப் வரை நடப்பார். அவர் குரல் வந்த பிறகுதான் டிராக்டர் கிளம்பும்.