நாய்க்கும் ஓரிடம்

சொர்க்கத்தின் வாயிலிலே தருமபுத்திரரை இந்திரன் தடுத்து நிறுத்திய கதையை நாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். தம்பியரும் திரௌபதியும் வழியிலே வீழ்ந்த பின்னர், இறுதிவரை அவருடன் நடந்து வந்தது ஒரு நாய். நாய்க்கு அங்கே இடமில்லை என்றான் இந்திரன். அதைக் கைவிட்டுத் தாம் மட்டும் உள்ளே புகுவதற்குத் தருமர் இசையவில்லை. நாயோடு பயணம் செய்கிறவர்கள் இந்திரன் சொன்ன சொற்களை ஒரு நாளைக்கு நாலு வாயில்களிலாவது கேட்க நேரிடும். சென்ற ஆண்டு கோடையிலே, கலிபோர்னியாவில் என் மூத்த தமையனாரோடு மூன்று கிழமை கழித்தபோது இதை நேரிலே கண்டேன்.

தமையனார் அங்கே குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அண்ணி காலமாகி நாலு வருடம். மகள் வேறொரு மாநிலத்திலே தொழில் பார்க்கிறாள். வீட்டிலே அவருக்குத் துணை வீமன் ஒருவனே. பதினொரு வயது நாய். கரிய உடல், நரைத்த முகம், பின்னங்காலிலே சிறிது வாதம். நான் போய்ச் சேர்ந்த முதல் நாலு நாளும் அண்ணர் என்னோடு பேசியது பத்து வார்த்தைக்கு மேலிராது. வீமனோடு பேசியது அதனிலும் சற்று அதிகம். ஐந்தாம் நாள், "எங்கையாவது போட்டு வருவம், அண்ணை" என்றேன். "போவம். ஆனால் இவனை விட்டிட்டு நான் வரமாட்டன்" என்றார். அவ்வண்ணமே மூவருமாக வடக்கு நோக்கிக் காரிலே புறப்பட்டோம்.

நாயோடு போவதென்றால் வழியிலே உணவுக்கு நிற்பதுதான் பெருஞ்சங்கடம். அதைக் காருக்குள்ளே பூட்டிவிட்டு உணவுச்சாலைக்குள் நுழைந்துவிட முடியாது. கண்ணாடி மூடிய கார் வெயிலிலே அடுப்பைப் போலச் சூடேறும். வெளியே இதமாக இருக்கும் நாளிலேகூட உள்ளே சிறிது நேரத்தில் உயிராபத்தான வெப்பம் உண்டாகிவிடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைத்தே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சுற்றியுள்ள காற்றே கொதித்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். இத்தகைய ஆபத்தான நிலையிலே விலங்கைக் காரில் விட்டுச் செல்வது கலிபோர்னியாவிலே குற்றம். அப்படி அகப்பட்ட விலங்கை மீட்பதற்காகக் கண்ணாடியை உடைப்பவருக்கு, சில நிபந்தனைகளோடு பாதுகாப்பளிக்கும் சட்டமும் 2017ஆம் ஆண்டு முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது.

ஆகவே நாய்க்கும் இடங்கொடுக்கும் உணவிடங்களைத் தேடிப் போனோம். அவற்றிலே பல, சிறு பியர்ச்சாலைகளாக இருந்தன. இச்செய்தி எப்படியோ ஊருக்கு எட்டிவிட்டது. "இரண்டுபேருமாய் நாயையும் கூட்டிக்கொண்டு கள்ளுக்கொட்டில் பாக்கவோ போறியள்?" என்று மாமி தொலைபேசியிலே கேட்டார். மாமியின் கேள்வி நியாயமானதே. நான் மது அருந்துவதில்லை. அண்ணரும் காரோட்டுபவராகையால் ஒரு சிறு குவளையில் சுவை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார். நாங்கள் நாடிப் போனவை மூன்று: நிழல், உணவு, வீமனுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர்.

இந்தச் சிறு பியர்ச்சாலைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவிலே 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவியது. விலக்கு நீங்கிய பின்னர், காலப்போக்கில் பியர்த் தொழில் ஒரு சில பெருங் கம்பனிகளின் கைக்குள் அடங்கியது. 1965இல் பிரிட்ஸ் மேய்டாக் என்பவர் சான்பிரான்சிஸ்கோவிலே மூடப்படும் நிலையிலிருந்த அங்கர் என்ற பழைய சாலையை வாங்கி உயிர்ப்பித்தார். 1976இல் முன்னாள் கடற்படையினரான ஜாக் மக்கோலிஃப், சொனோமாவிலே பழைய பாற்பண்ணைப் பாத்திரங்களைக் கொண்டு நியூ அல்பியன் என்ற சிறு சாலையை அமைத்தார். அது 1982இல் மூடப்பட்டது. எனினும் அதைப் பார்த்துப் பலர் துணிவு கொண்டனர். காய்ச்சிய இடத்திலேயே உணவோடு பரிமாறும் சாலை மதுவிலக்குக்குப் பின் கலிபோர்னியாவிலே முதன்முதலாக 1983இல் ஹொப்லண்ட் என்ற சிற்றூரிலே திறக்கப்பட்டது. அவ்வூர் வழியாகவும் நாங்கள் போனோம். அந்தச் சாலை இன்று இல்லை. அது காட்டிய வழி மாநிலமெங்கும் பரந்திருக்கிறது. பழைய பண்டகசாலை ஒன்று, அதன் முன்னே அகன்ற முற்றம், நீண்ட மரவாங்குகள், உணவு விற்கும் ஒரு வண்டி, இவையே இன்று இத்தகைய பல சாலைகளின் அமைப்பு. குழந்தைகளும் கிழவர்களும் ஒரே வாங்கிலே அமர்ந்திருப்பார்கள். வாங்கின் கீழே நாய் படுத்திருக்கும்.

இந்த அனுமதியும் எளிதிலே வந்ததன்று. உணவு பரிமாறும் இடத்திலே, ஊனமுற்றோருக்கு உதவும் பணி நாய்கள் தவிர வேறு நாய்கள் வரலாகாது என்பதே மாநிலத்தின் பழைய விதி. 2014இல் அதைத் தளர்த்தும் சட்டத்திலே ஆளுநர் ஜெரி பிரவுண் ஒப்பமிட்டார். 2015 ஜனவரி முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. ஆளுநர் தாமும் சட்டர் என்ற ஒரு குட்டைக்கால் நாயை வளர்த்தவர். மாநிலத்தின் முதல் நாய் என்று அதைப் பத்திரிகைகள் கொண்டாடின.

சட்டத்தின் விதிகளை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நாய் வெளிமுற்றத்திலே மட்டும் இருக்கலாம். கட்டடத்தின் ஊடாக வராமல் வெளிவாயிலாலேயே அது வரவேண்டும். கழுத்துவார் எப்பொழுதும் உரியவரின் கட்டுப்பாட்டிலே இருக்கவேண்டும். கதிரையிலோ வாங்கிலோ ஏறக்கூடாது. அதற்குரிய தண்ணீரை ஒருமுறை பாவித்து எறியும் பாத்திரத்திலேதான் கொடுக்கவேண்டும். பரிமாறுவோர் நாயைத் தொடலாகாது. தொட்டால் கை கழுவவேண்டும். நாயை வரவிடுவதா இல்லையா என்பது கடைக்காரரின் விருப்பம். அன்பு ஒன்றை மட்டும் நம்பி அவர்கள் கதவைத் திறக்கவில்லை; யார் எதற்குப் பொறுப்பு என்பதை எழுதி வைத்துவிட்டே திறந்தார்கள்.

பியர் காய்ச்சும் முறையை ஒரு சாலையிலே விளக்கிக் காட்டினார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து வெந்நீரிலே ஊறவைக்கிறார்கள். அப்போது தானியத்தின் மாப்பொருள் சர்க்கரையாகிறது. அந்த இனிப்பு நீரை வடித்தெடுத்து, ஹொப்ஸ் என்ற கொடியின் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய பின் நொதிக்க விடுகிறார்கள். எஞ்சிய தானியச் சக்கை கால்நடைத் தீவனமாகும். அதிலே நாய்களுக்குப் பிஸ்கற் செய்பவர்களும் உண்டு. சக்கையைப் பிரித்த பின்னரே வழமையாக ஹொப்ஸ் சேர்க்கப்படுவதால் அதற்கு வழியிருக்கிறது. ஹொப்ஸோ நாய்க்கு நஞ்சு. தின்ற நாயின் உடற்சூடு கட்டுக்கடங்காமல் ஏறி, அது இறந்துபோகவும் கூடும். பியரும் நாய்க்கு ஆகாது. வேடிக்கைக்காக ஒரு மிடறு கொடுப்பதும் கொடுமையே. உணவு வண்டியிலிருந்து வெங்காயம், திராட்சை, சொக்லேற் முதலியவற்றைக் கொடுப்பதும் ஆபத்து.

பெற்றலூமா என்ற ஊரிலே லகுனீற்றாஸ் சாலை இருக்கிறது. 1993இல் சிறிதாகத் தொடங்கி இப்பொழுது பெருங் கம்பனியொன்றின் உடைமையாகிவிட்டது. அதன் முத்திரையிலேயே ஒரு நாயின் உருவம் உண்டு. அங்கே ஒரு மூதாட்டி எங்கள் வாங்கருகே வந்து, "உங்கள் நாயைத் தொடலாமா?" என்று அனுமதி கேட்டார். பிறகு பெயரைக் கேட்டார். "வீமன்" என்றார் அண்ணர். "அதற்கு என்ன பொருள்?"

அண்ணர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். பாண்டவர் ஐவரைச் சொன்னார். அரக்கு மாளிகையைச் சொன்னார். பகாசுரனுக்கு அனுப்பிய சோற்றை வீமன் தானே உண்டதைச் சொன்னார். அடுத்த வாங்கிலிருந்த இரண்டு சிறுவர்கள் எழுந்து வந்து புல்லிலே இருந்து கேட்டார்கள். நாலு வருடமாக யாரோடும் நாலு வார்த்தை பேசாதவர் என்று அவருடைய மகள் என்னிடம் கவலைப்பட்ட மனிதர், முக்கால் மணி நேரம் பேசினார். வீமன் அவருடைய பாதத்திலே மோவாயை வைத்துக்கொண்டு உறங்கினான்.

வேறோரிடத்திலே ஓர் இளம் நாய் மற்றொன்றைக் கண்டு உறுமிற்று. அதை வைத்திருந்த வாலிபர், ஒருவரும் ஒன்றும் சொல்வதற்கு முன்னரே எழுந்து, அரைவாசி உண்ட உணவை விட்டுவிட்டு நாயோடு வெளியேறினார். "உப்பிடி எழும்பிப் போற ஆக்கள் இருக்கிறதாலைதான் எங்களையும் உள்ளை விடுறாங்கள்" என்றார் அண்ணர்.

எல்லா வாயில்களும் திறந்திருந்தன என்று சொல்லமாட்டேன். ஒரு விடுதியிலே, முன்னரே இடம் ஒதுக்கியிருந்தும் வீமனைக் கண்டவுடன் கைவிரித்துவிட்டார்கள். வானளாவிய செம்மரக் காடுகளிலும் நடைபாதைகளிலே நாய்கள் போகக் கூடாது. காட்டுயிர்கள் நாயின் வாடைக்கே அஞ்சி ஒதுங்கும். அந்தத் தடை நியாயமானது. ஆதலால் ஒருவர் மாறி ஒருவர் காட்டைப் பார்த்தோம். மற்றவர் வீதியோரத்து நிழலிலே வீமனோடு இருந்தோம்.

நம்மூரிலே நாய் என்றவுடன் விசர்நாய் நினைவுக்கு வரும். அச்சத்துக்குக் காரணமும் உண்டு. அந்த நாட்டிலும் அந்நோய் இல்லாமலில்லை; தடுப்பூசியைக் கட்டாயமாக்கியதாலேயே வீட்டு நாய்களைப் பற்றிய அச்சம் அங்கே குறைந்திருக்கிறது. பியர்ச்சாலை நமக்கு வேண்டாம். ஆனால் ஊசி போடுவதும், வாரைக் கையிலே பிடிப்பதும், நாய் அசுத்தம் செய்த இடத்தைத் தாமே துடைப்பதும், தொடுமுன் கேட்பதும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

வீமன் இவ்வாண்டு தை மாதத்திலே இறந்துவிட்டான். அண்ணர் மறுபடியும் வீட்டுக்குள்ளே அடைந்துவிடுவாரோ என்று அஞ்சினேன். போன கிழமை தொலைபேசியிலே பேசினார். தம் வீட்டுக்கு அண்மையிலுள்ள முற்றமொன்றுக்குச் சனிக்கிழமைகளிலே இன்னமும் போகிறாராம். அங்கே வருகிறவர்களுக்கு அவருடைய பெயர் தெரியாது. "வீமனின் தகப்பன் வருகிறார்" என்று சொல்லி, வாங்கிலே தள்ளி இருந்து இடங்கொடுக்கிறார்களாம்.